உப்பு எங்கீங்க போகுது?

சென்னிமலைப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது மணி ஏழுகூட ஆகவில்லை. ஐப்பசி மாதம். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. மலைமேல் முருகன் கோயில் மேகத்துக்குள் பாதி மறைந்து நின்றது. போர்வைக்குப் பேர்போன ஊர் அல்லவா, அந்நேரத்திலேயே தெருக்களில் தறிச்சத்தம் தொடங்கிவிட்டது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்யும் நண்பர் பைக்கோடு காத்திருந்தார். ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுத் தெற்கே நொய்யலை நோக்கிக் கிளம்பினோம்.

ஆற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் மலையில் தொடங்கிக் கீழே வருவார்கள். நொய்யலும் மலையில்தான் பிறக்கிறது. வெள்ளியங்கிரியின் ஓடைகள் சேர்ந்து ஆறாகி, பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலைத் தொட்டு, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே கொண்ட நொய்யல் கிராமத்தருகே காவிரியில் கலக்கிறது. காஞ்சிமாநதி என்பது அதன் பழைய பெயர். ஆனால் இந்த முறை நான் கீழிருந்து மேலே போக விரும்பினேன். நொய்யலின் துயரம் கீழே இருக்கிறது. காரணமும் மருந்தும் மேலே திருப்பூரில் இருக்கின்றன. நோயாளியைப் பார்க்காமல் மருந்துக்கடைக்குப் போவதில் பொருளில்லை.

முதலில் கொடுமணலில் நின்றோம். நொய்யலின் வடகரையில் உள்ள இந்தச் சிற்றூரைத்தான் பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று குறிப்பிடுகிறது என்பது ஆய்வாளர்கள் முடிவு. 1980களிலிருந்து பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணிகளை அறுத்துப் பட்டை தீட்டிய பட்டறைகளும், தமிழ்ப் பிராமி எழுத்துகள் கீறிய பானையோடுகளும் இங்கே கிடைத்தன. உழுத காட்டின் ஓரத்தில் நடந்தபோது காலில் ஏதோ இடறியது. குனிந்து எடுத்தேன். கருப்பாக, கனமாக, துளை துளையாக ஒரு கட்டி. இரும்புக் கசடு போலத் தோன்றியது. பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரை தொழிற்பேட்டையாக இருந்திருக்கிறது. உலை எரிந்திருக்கிறது, சரக்கு வெளிநாடு போயிருக்கிறது. ஆற்றங்கரையில் தொழில் நடப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஆனால் உலைக்கசடு கல். போட்ட இடத்தில் கிடக்கும். இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் ஒருவன் காலில் இடறும். உப்பு அப்படியில்லை. தண்ணீரோடு சேர்ந்து நடக்கும். எங்கே போனது என்று கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும்.

அந்த நடையின் முடிவைப் பார்க்க ஒரத்துப்பாளையம் அணைக்குப் போனோம்.

அணைகளுக்கு என்று ஒரு முகக்களை உண்டு. நீர் நிறைந்தால் ஊரே வந்து எட்டிப்பார்க்கும்; மீன் பொரிக்கும் கடை வரும். இந்த அணையில் அப்படி எதுவுமில்லை. நீண்ட கரை, மதகுகள், நடுவே ஒரு கால்வாய் அகலத்துக்கு ஓடும் நீர், இருபுறமும் சீமைக்கருவேலம். 1992இல் கட்டி முடித்த அணை இது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருவதற்காகக் கட்டினார்கள். அதே ஆண்டுகளில்தான் திருப்பூரின் பனியன் ஏற்றுமதி கிடுகிடுவென்று உயர்ந்தது. மேலே நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் விட்ட நீர் இங்கே வந்து தேங்கியது. தேங்கியது நிலத்தடியில் இறங்கியது. அணையில் தண்ணீர் தேக்குங்கள் என்று விவசாயிகள் கேட்பதுதான் உலக வழக்கம். தேக்காதீர்கள் என்று விவசாயிகளே மன்றாடிய அணை இது.

கரையிலிருந்து இறங்கிச் சற்றுத் தூரத்தில் ஒரு தோட்டம். தென்னைகளுக்கு நடுவே எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். வந்த காரணத்தைச் சொன்னேன். எழுந்துபோய் கிணற்றின் பழைய குழாயைக் காட்டினார். குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் படிந்து கல்லாக இறுகியிருந்தது. சாவியால் சுரண்டி ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

“அப்ப படிஞ்சதுங்க தம்பி. இன்னும் உடமாட்டேங்குது.”

“கிணத்துத் தண்ணி இப்ப எப்படிங்க ஐயா?”

“முன்னைக்குப் பரவாயில்லைங்க. மழை நல்லாப் பேஞ்சா கொஞ்சம் தெளியுது. அன்னைக்கெல்லாம் மாடு வாய வெச்சுப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். தென்னை மட்டை மஞ்சளாப் போச்சு. இளநியே கரிச்சுதுங்க. வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுக்க நெம்பக் கூச்சமா இருக்கும்.”

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

“உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கோணும்னு சொல்லுவாங்க. இங்க உப்புப் போட்டது ஒருத்தரு, அந்தத் தண்ணியக் குடிச்சது நாங்க.”

நான் தலையசைத்தேன். திருப்பூரில் இப்போது சாயக்கழிவை மெம்பரேன் வைத்து வடிகட்டித் திரும்பவும் உபயோகிக்கிறார்கள், அதைப் பார்க்கத்தான் போகிறேன் என்றேன்.

“தெரியுமுங்க. தண்ணியச் சுத்தம் பண்றாங்க, சரி. சுத்தம் பண்ணுனா உப்பு எங்கீங்க போகுது? அது காத்துல கரைஞ்சா போயிரும்? போறீங்கல்ல, அதை மட்டும் கேட்டுட்டு வாங்க.”

கையிலிருந்த வெள்ளைத் துண்டைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அவர் நிலத்துக்கு நேர்ந்தது என்ன என்பதை மண்ணின் மொழியில் சொல்ல வேண்டும். களித்துகள்களைக் கால்சியம் பிடித்துவைத்திருக்கும். அதனால்தான் மண் பொலபொலவென்று காற்றும் நீரும் புகும்படி இருக்கிறது. சோடியம் மிகுந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் கால்சியம் இருந்த இடத்தில் சோடியம் போய் உட்காரும். துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கும். நனைந்தால் சேறு, காய்ந்தால் பாறை. வேருக்குப் பக்கத்தில் நீர் இருந்தும் செடியால் அதை உறிஞ்ச முடியாது. வெளியே உள்ள உப்பு, நீரைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்ளும். கழிவின் நிறம் வெளுத்துவிடும், நாற்றம் போய்விடும். உப்பு மட்டும் இருக்கும். சாயக்கழிவு என்றதும் நாம் சிவப்பும் நீலமுமாக ஓடிய ஆற்றை நினைக்கிறோம். நிலத்தைக் கொன்றது நிறமற்ற உப்பு.

ஊத்துக்குளி வழியாகத் திருப்பூருக்குத் திரும்பினோம். வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற அந்த ஊரில் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டபோது, நண்பர் 2011ஆம் ஆண்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். திருப்பூர்க்காரர்கள் காலத்தை அந்த ஆண்டுக்கு முன், பின் என்றுதான் பிரிக்கிறார்கள்.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாயத்தொழில் உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2009 அக்டோபரில் அங்கும் கழிவு சொட்டுக்கூட ஆற்றுக்குப் போகக் கூடாது என்பது உறுதியானது. நீதிமன்றம் கொடுத்த கெடு கடந்தும் ஆறு மாறவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவை ஆலைகளையும் மூடச் சொன்னது. மின் இணைப்பையும் துண்டிக்கச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் ஒரே அடியில் நின்றன.

“சாயம் நின்னா எல்லாம் நின்ன மாதிரிதான்,” என்றார் நண்பர். “பின்னுன துணி குடோன்ல வெள்ளையாக் கிடந்துச்சு. வெளியூர்ல சாயம் போட்டு வாங்குனோம். வீடு காலி பண்ணிட்டு ஊருக்குப் போன குடும்பங்க எத்தனை. அப்ப எனக்குக் கோர்ட்டு மேல கோபம். இன்னைக்கு இல்லை. அது நடக்கலைன்னா நாங்க யாரும் மாறியிருக்க மாட்டோம்.”

தொழிலால் வாழ்கிற ஒருவர் இதைச் சொல்வது எளிதல்ல.

வளர்மதி பாலத்தில் வண்டியை நிறுத்தினோம். கீழே நொய்யல். ஒரு காலத்தில் இந்தப் பாலத்தில் நின்றால் அன்றைக்கு ஊரில் எந்த நிறத்துக்கு ஆர்டர் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். இப்போது ஓடுவது சாம்பல் நிற நீர், பெரும்பகுதி நகரின் வீட்டுக்கழிவு. அது வேறொரு கடன்; அதையும் இந்த ஊர் தீர்த்தாக வேண்டும்.

அங்கிருந்து ஒரு சாயப்பட்டறைக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் முகத்தில் அடிப்பது ஈர வெப்பம். வரிசையாக சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்கள், பெரிய எஃகு வயிறுகள். கண்ணாடிச் சாளரத்தின் வழியே பார்த்தால் உள்ளே துணி கயிறுபோல முறுக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. அன்று நேவி ப்ளூ. சாயம் போடும் மாஸ்டர் நாற்பது வயதுக்காரர். உப்பு எதற்கு என்று கேட்டேன்.

“பருத்தி தண்ணில நனைஞ்சா ஒரு சார்ஜ் வரும்ங்க. ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே சார்ஜ். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளும். உப்பப் போட்டாத்தான் அந்தத் தள்ளல் அடங்கி, சாயம் நூல்கிட்டப் போகும். அப்புறம் சோடா போட்டா பிடிச்சுக்கும். உப்பு வேலைய முடிச்சுட்டுத் தண்ணியோடவே வெளிய வந்துரும். துணில ஒரு குண்டுமணிகூட நிக்காது.”

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு. ஒரு கிலோ துணிக்கு ஆறேழு லிட்டர் சாயக்கரைசல். அப்படியானால் கிலோவுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ உப்பு. நாம் போடும் அடர்நீல டீ சர்ட் ஒன்றுக்கு ஒரு கைப்பிடிக்குக் குறையாது. பிறகு துணியை அலசி அலசி எடுக்கும் நீரோடு சேர்ந்து அது வெளியேறும். ஒரு கைப்பிடி உப்பில் ஒன்றுமில்லை. ஓர் ஊர் முழுக்க, நாள் முழுக்க, முப்பது நாற்பது ஆண்டுகள் என்று பெருக்கினால் அது ஒரத்துப்பாளையம்.

மாலை நான்கு மணிக்குப் பொது சுத்திகரிப்பு நிலையம். திருப்பூரில் இப்படிப் பதினெட்டு நிலையங்கள் இயங்குகின்றன. சுற்றியுள்ள சாயப்பட்டறைகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்துகிறார்கள். பெரிய ஆலைகள் சில சொந்தமாகவே வைத்திருக்கின்றன. நான் போன நிலையத்தில் பொறுப்பிலிருந்த இளைஞருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வேதியியல் படித்தவர். கையில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரோடு வந்து, “வாங்கண்ணா, கழிவு நடக்கிற வழியிலயே நாமளும் நடப்போம்,” என்றார்.

பட்டறைகளிலிருந்து குழாய் வழியாக வரும் நீர் முதலில் ஒரு பெரிய தொட்டியில் சேர்கிறது. கருநீலம், அதன்மேல் நுரை. ஒரு பட்டறையிலிருந்து சூடாக, இன்னொன்றிலிருந்து காரமாக, மற்றொன்றிலிருந்து சிவப்பாக வரும் எல்லாமும் இங்கே கலந்து சமமாகின்றன. அடுத்தது காற்றூட்டும் தொட்டி. அடியிலிருந்து காற்று குமிழியிட, பழுப்பு நிறத்தில் கொதிப்பதுபோல் புரள்கிறது. அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கஞ்சி, எண்ணெய், சாயத்தின் மிச்சம் எல்லாவற்றையும் தின்று செரிக்கின்றன. “இதுகதான் எங்க முதல் ஸ்டாஃப்,” என்றார் இளைஞர். “வீட்டு மாடு மாதிரி பார்த்துக்கணும். ஒரு நாள் யாராவது பிளீச்சிங்கை அதிகமா விட்டாலும் செத்துரும்.” படிவுத்தொட்டி, மணல் வடிகட்டி, நிறநீக்கம் எல்லாம் தாண்டியபின் ஒரு கண்ணாடிக் குவளையில் நீரைப் பிடித்துக் காட்டினார். தெளிவாக இருந்தது. மீட்டரை நனைத்தார். ஆறாயிரத்தை ஒட்டி நின்றது எண்.

“பாருங்கண்ணா. கண்ணுக்குச் சுத்தம். ஆனா உப்பு வந்த மாதிரியே இருக்கு. நுண்ணுயிர் உப்பைத் தின்னாது. மணல் பிடிக்காது. முன்னாடியெல்லாம் சுத்திகரிப்புன்னா இதோட முடிஞ்சுது.”

பிரச்சினையின் முடிச்சு இங்கேதான். ஆற்றில் விடக்கூடிய நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. இங்கே அதைப்போல மூன்று மடங்கு. கரைந்ததை வடிகட்ட எந்தத் துணியும் போதாது. அதற்குத்தான் மெம்பரேன் எனும் சவ்வு.

அடுத்த கட்டடத்துக்குள் நுழைந்ததும் சத்தம் மாறியது. பம்புகளின் ஒரே சீரான ரீங்காரம். முதலில் அல்ட்ரா ஃபில்டர்: சேமியா போன்ற மெல்லிய குழல்கள் ஆயிரக்கணக்கில் கட்டுக்கட்டாக. குழலின் சுவரில் உள்ள துளைகள் மைக்ரானில் நூறில் சில பங்கு. ஒரு தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். பாக்டீரியா நுழையாது, கலங்கல் நுழையாது. உப்பு நுழைந்துவிடும். அதைத் தாண்டினால் ஆர்.ஓ. வெள்ளை நிறத்தில் நீண்ட குழாய்கள், ஆள் உயரத்துக்கு மேல் வரிசை வரிசையாக அடுக்கியிருந்தன.

ஆர்.ஓ. என்ன செய்கிறது என்பதை நம் வீட்டு ஊறுகாய் ஜாடி சொல்லிக்கொடுக்கும். மாங்காயை நறுக்கி உப்பில் புரட்டி வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டிருக்கும். மாங்காயின் சவ்வு வழியே நீர் உப்பு மிகுந்த பக்கத்துக்குப் போகிறது. பாடநூலில் இதைச் சவ்வூடு பரவல் என்று படித்தோம். உப்பு மிகுந்த பக்கத்திலிருந்து போதுமான அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் வரும், உப்பு பின்தங்கும். எதிர்ச் சவ்வூடு பரவல் அவ்வளவுதான். சொல்ல எளிது. செய்வதற்கு ஏற்ற சவ்வுதான் நெடுங்காலம் கிடைக்கவில்லை. உப்பைத் தடுத்த சவ்வுகளில் நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

அந்த முடிச்சை 1959ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் அவிழ்த்தவர்கள் இருவர். ஒருவர் சிட்னி லோப். இன்னொருவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். செல்லுலோஸ் அசிடேட்டில் அவர்கள் செய்த சவ்வின் ஒரு முகத்தில் மட்டும் மிக மெல்லிய, நெருக்கமான தோல். கீழே அதைத் தாங்கும் பஞ்சு போன்ற தடித்த அடுக்கு. தடுக்கும் வேலை தோலுக்கு, தாங்கும் வேலை பஞ்சுக்கு. நீர் வரும் வேகம் பல மடங்கு கூடியது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற ஊரில் இந்த முறையில் குடிநீர் எடுக்கும் நிலையம் ஓடத் தொடங்கியது. இன்று சவ்வின் பொருள் பாலியமைடாக மாறிவிட்டது. தோலும் தாங்கலும் என்ற அந்த அமைப்பு மாறவில்லை.

மூலையில் பழைய மெம்பரேன் ஒன்று கிடந்தது. எட்டு அங்குல விட்டம், நாற்பது அங்குல நீளம். ஆயுள் முடிந்தது. இளைஞர் கத்தியால் அதன் மேலுறையைக் கீறி, பாயை விரிப்பதுபோல விரித்தார். தாள்தாளாக வந்துகொண்டே இருந்தது. சவ்வு, நடுவில் வலை, மறுபடி சவ்வு, எல்லாம் துளையிட்ட ஒரு நடுக்குழாயைச் சுற்றிச் சுருட்டியவை. மொத்தமாக விரித்தால் நானூறு சதுர அடி வரும். ஒரு சிறிய வீட்டின் தரை. அதைக் கைக்குள் கட்டிப்பிடிக்கும் அளவுக்குச் சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

விரித்த சவ்வின் மேல் பழுப்பாக வழுவழுப்பு. விரலால் வழித்தார். “இது உயிர்ப் படிவு. காரத்துல கழுவுனா போகும்.” சுருளின் கடைசிப் பக்கத்துக்குப் போனால் மணல் போல நறநறத்தது. “இது கால்சியம். கடைசியில உப்பு கெட்டியாகும்போது இங்க படியும். ஆசிட்ல கழுவணும். குளோரின் மட்டும் பட்டுடக் கூடாது, சவ்வே ஓட்டையாயிரும். ஒவ்வொரு ஷிப்ட்லயும் பிரஷர் பார்த்து எழுதுறோம். ஏறுதுன்னா அடைக்குது. நாங்க அசந்தா அஞ்சு வருஷம் வர்றது ஒரே வருஷத்துல செத்துரும்.”

கழிவுநீரில் ஆர்.ஓ. ஓட்டுவது என்றால் இதுதான். வீட்டில் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியோடு இதை ஒப்பிட முடியாது. நுண்ணுயிர்த் தொட்டியில் நேற்று நடந்த பிசகு இன்று இந்தச் சவ்வில் தெரியும். சுத்திகரிப்பு நிலையத்தை இயந்திரங்கள் மட்டும் நடத்துவதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்துபோய் அழுத்தமானியைப் பார்க்கும் ஒருவர் நடத்துகிறார்.

குழாயைத் திறந்து, வெளிவரும் நீரைப் பிடித்துக் கொடுத்தார். மீட்டரில் சில நூறுதான். பல ஊர்களின் போர்வெல் நீரைவிட மென்மை. இது குழாய் வழியே மறுபடி சாயப்பட்டறைகளுக்கே போகிறது. பவானிக்கருகே காவிரியிலிருந்து நீண்ட தூரம் குழாயில் வரும் நீரைத் தொழிலுக்குக் காசு கொடுத்து வாங்கும் ஊர் இது. வரும் கழிவில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு இப்படித் திரும்பக் கிடைப்பது சாதாரணமா? இன்று நேவி ப்ளூவை அலசிய நீர் நாளை மறுநாள் வெள்ளைத் துணியை அலசும்.

கைக்குட்டை முடிச்சு சட்டைப்பையில் உறுத்தியது. பெரியவரின் கேள்வியைக் கேட்டேன்.

“சரியான கேள்விண்ணா. மெம்பரேன் எதையும் அழிக்கிறதில்லை. பிரிக்குது. நல்ல தண்ணி ஒரு பக்கம். மொத்த உப்பும் மிச்சத் தண்ணியில. அதை ரிஜெக்ட்னு சொல்லுவோம். அங்க வாங்க.”

ஆர்.ஓ.வை இன்னும் அழுத்தி ஓட்டி அந்த மிச்சத்தையும் பிழிந்துவிட முடியாதா என்றால், முடியாது. உப்பு கெட்டியாகக் கெட்டியாக எதிர்க்கும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்; ஓர் எல்லைக்கு மேல் சவ்வு தாங்காது. அதன்பிறகு நெருப்புதான். எவாப்பரேட்டர் கட்டடம் மூன்று மாடி உயரம். நீராவியில் ரிஜெக்ட்டைக் கொதிக்கவைக்கிறார்கள். முதல் கலத்தில் எழும் ஆவியே இரண்டாவது கலத்துக்கு நெருப்பு. அங்கே அழுத்தத்தைக் குறைத்திருப்பதால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். அதன் ஆவி மூன்றாவதுக்கு. பக்கத்தில் பாய்லருக்கு விறகு இறங்கிக்கொண்டிருந்தது. செலவின் பெரும்பகுதி இங்கேதான். நீரில் பத்தில் ஒன்பது பங்கைச் சவ்வு எளிதாகக் கொடுத்துவிடுகிறது. கடைசிப் பங்குக்கு விறகும் மின்சாரமும் கொட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் புகையும் இந்தக் கணக்கில் சேரும்.

2011இல் எல்லாம் மூடிக் கிடந்தபோது இந்தச் சுமையைக் குறைக்க ஒரு வழி தேடினார்கள். அருள்புரம் சுத்திகரிப்பு நிலையத்தில் சோதித்துத் தேறியது அது. சாயத்துக்கு வேண்டியது உப்பு. ரிஜெக்ட்டில் இருப்பதும் உப்பு. கடினத்தன்மையையும் நிறத்தையும் நீக்கிவிட்டு அந்தக் கரைசலையே சாயப்பட்டறைக்குத் திருப்பினால் என்ன? முன்பு கழிவு என்று ஆற்றுக்குத் தள்ளியது மறுபடி மூலப்பொருளானது. சாதாரண உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்தினால் இன்னொரு வசதியும் உண்டு: கெட்டிக் கரைசலை நன்றாகக் குளிர்வித்தால் அது படிகமாகத் தனியே பிரிந்துவிடும்.

அந்தப் படிகத்தைப் பார்த்தேன். சுழலும் எஃகுத் தொட்டியிலிருந்து ஈரமாக, கண்ணாடிச்சில்லு போல மின்னிக்கொண்டு விழுந்தது. கீழே சாக்கு பிடித்து நின்றார் ஒரு தொழிலாளி. முன்பு நான் பார்த்த சாயப்பட்டறை போன்ற ஏதோ ஒன்றுக்கு அது நாளை போகும். என் கைக்குட்டையை அவிழ்த்து, பெரியவர் கொடுத்த துண்டைச் சாக்கின் விளிம்பில் வைத்துப் பார்த்தேன். ஒன்று அழுக்கேறிய கல். மற்றொன்று பளிங்கு. இரண்டும் வந்தது உப்பேறிய நீரிலிருந்துதான். ஒன்றுக்கு விலை உண்டு. சாக்கில் கட்டி எடை போடுகிறார்கள். மற்றொன்று பிறருடைய கிணற்றில் கேட்பாரின்றி இறங்கியது. உப்பு அப்போதும் பயனுள்ள பொருளாகத்தான் இருந்தது. அதைத் திரும்ப எடுக்கும் உழைப்பைச் செய்ய யாருமில்லாததால் அது விஷமானது.

“இதுதான் போற இடமா? அப்ப அவருக்குப் பதில் கிடைச்சுருச்சு,” என்றேன்.

இளைஞர் சிரிக்கவில்லை. “முக்காவாசிப் பதில்ண்ணா,” என்றார்.

பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். சாக்குகள் கூரை வரை அடுக்கியிருந்தன. சல்பேட்டும் குளோரைடும் மீந்த நிறமும் பிரிக்க முடியாமல் ஒன்றாகக் காய்ந்த கலவை உப்பு. பழுப்பு நிறம். சாயத்துக்கு ஆகாது. வாங்க ஆள் இல்லை. மண்ணில் புதைத்தால் நிலத்தடி நீருக்குப் போய்விடும், எரித்தால் எரியாது. சுத்திகரிப்பில் சேரும் சேற்றுக்காவது சிமெண்ட் ஆலைகள் வழி காட்டின. இதற்கு இன்னும் நல்ல வழி பிறக்கவில்லை. சல்பேட்டையும் குளோரைடையும் பிரித்தெடுக்கும் நானோ வடிகட்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. பிரிக்கப் பிரிக்கக் கலவை குறையும். குறையும் வரை இந்தச் சாக்குகளை யாராவது காத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தக் கொட்டகையில் நின்றபோது பெரியவரின் பழமொழி நினைவுக்கு வந்தது. உப்பைப் போட்டவர் ஒருவர், தண்ணீர் குடித்தவர் இன்னொருவர் என்று அவர் சொன்ன அநீதியை இந்த இடம் கொஞ்சம் நேர்செய்திருக்கிறது. உப்பைப் போட்ட ஊரே இன்று அதைத் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு விழிக்கிறது. அதுதான் நியாயம். ஆனால் அந்த ஊர் மட்டும் சுமந்தால் போதுமா? டீ சர்ட் போடுபவர் கொலோனில் இருக்கிறார், சிகாகோவில் இருக்கிறார், சென்னையில் நானும் இருக்கிறேன். சுத்திகரித்துச் சாயமிட்ட துணிக்கும், இரவில் ஓடையில் திறந்துவிட்டுச் சாயமிட்ட துணிக்கும் கடையில் ஒரே விலை என்றால், நாம் யாரைத் தண்டிக்கிறோம்? ஒரு கைப்பிடி உப்பைத் திரும்ப எடுக்கும் கூலியை வாங்குபவர் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதபோது அதை ஒரத்துப்பாளையத்துக் கிணறுதான் கொடுத்தது. மண்ணில் ஏற்கெனவே இறங்கிய உப்பை எடுக்க இந்தக் கட்டடத்தில் உள்ள எந்தச் சவ்வாலும் முடியாது. அதை மழைதான் கழுவ வேண்டும், ஆண்டுக்கணக்கில்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வானம் இருட்டிவிட்டது. மேற்கே மின்னல். தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்த சத்தம் கேட்டதும் இளைஞர் பேச்சைப் பாதியில் விட்டு ஓடினார். கொட்டகையின் ஒரு பக்கம் திறந்திருந்தது; சாரல் அடித்தால் கடைசி வரிசைச் சாக்குகள் நனையும். நனைந்தால் வடியும். வடிந்தால் சாக்கடை, சாக்கடைக்கு அப்பால் ஓடை, ஓடைக்கு அப்பால் நொய்யல். இத்தனை பம்புகளும் சவ்வுகளும் விறகும் பிரித்தெடுத்தது ஒரு மழையில் கீழே போய்விடும்.

தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தார். காற்று அதைப் பிடுங்கியது. “அண்ணா, அந்த முனைக் கயித்தைப் பிடிங்க!”

ஓடிப்போய்ப் பிடித்தேன். நண்பர் மூன்றாவது முனையை எடுத்தார். சாக்கு பிடித்து நின்ற தொழிலாளி நான்காவதை. நால்வரும் நனைந்துகொண்டே இழுத்து, கம்பத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டோம்.